முதல் தாளின் கடைசி வரி

சேசு மரி சூசை

லான்மடாவ், ரங்கூன்
4-12-1927

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை ஜூடித் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். உனக்கு வாந்தி நின்றதா? ஐந்தாம் மாதத்தில் நின்றுவிடும் என்று அடுத்த வீட்டு ரத்தினம்மாள் சொல்கிறாள். அத்தானுக்கு எங்கள் வணக்கம்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இரண்டு பள்ளிக்கூடங்களில் கேள்விக்குப் பதில் தெரிந்தும் என் குரல் மேஜையைத் தாண்டவில்லை, அது உனக்குத் தெரியும். குரலே வேண்டாத வேலை இது. லத்தா பேட்டைக்கு அந்தப் பக்கம் யூதர்களின் செபக்கூடம் ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் புத்தகசாலை. செபப் புத்தகம், சரித்திரம், கதைப் புத்தகம் எல்லாம் உண்டு. பாதிக்கு மேல் ஆங்கிலம். அவற்றுக்கு அட்டவணை எழுதுவதும், யார் எதை எடுக்கிறார்கள் என்று குறிப்பதும் என் வேலை. சனிக்கிழமை அவர்களுக்குச் சாபத்து. அன்று பேனாவைத் தொட மாட்டார்கள், புத்தகத்தைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்கவும் மாட்டார்கள். ஆனால் அன்றுதான் படிக்க ஓய்வு. மத்தியானம் வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். வீட்டுக்கு வேண்டும் என்றால் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, சுவரில் ஆணியில் தொங்கும் தங்கள் பித்தளை வில்லையை எடுத்து அலமாரியில் அந்த இடைவெளியில் வைக்கிறார்கள். வில்லையில் எண் இருக்கிறது. எண்ணைப் பார்த்து நான் பெயர் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை வந்து புத்தகத்தை எடுத்துப் போவார்கள்.

அப்பாவிடம் சொன்னபோது, "ஏம்மா, பி.ஏ. படிச்சது யூதன் அலமாரிக்குத் தூசி தட்டவா?" என்றார். மறுநாள் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் எல்லாரிடமும் மகளுக்கு உத்தியோகம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இன்னொன்று. கிழிந்துபோன செபப் புத்தகங்களை இவர்கள் எரிப்பதில்லை, எறிவதும் இல்லை. ஒரு பெட்டியில் சேர்த்துவைத்து, மனிதரைப் புதைப்பதுபோல் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைக்கிறார்கள். ஆண்டவர் பெயர் உள்ளே இருக்கிறதாம். எனக்கு அது பிடித்திருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புள்ள தங்கை,
ஜூடித்


சேசு மரி சூசை

நாகப்பட்டினம்
8-1-1928

என் கண்ணான தங்கைக்கு,

அக்கா தெரேசா முத்தங்களுடன் எழுதுவது. இங்கே இருவரும் சுகம், மூன்றாவது ஆள் உள்ளே உதைத்துக்கொண்டு அதுவும் சுகம். அப்பாவின் மூச்சிரைப்பு எப்படி என்று நீ எழுதவே இல்லை.

உன் வேலையைப் பற்றி அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுப்பவர் அல்லவா, முகம் கோணிவிட்டது. "கிறிஸ்தவப் பொண்ணுக்கு வேற இடம் கிடைக்கலையா?" என்றார். "அவங்க ஆளுங்க கதையைத்தானே நீங்க பூசையில வாசிக்கிறீங்க" என்றேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றார். உப்புச் சரியாகத்தான் இருந்தது.

பையன் என்றால் அப்பா பெயர் என்று அவர் சம்மதித்துவிட்டார். பெண் என்றால் யார் பெயர் என்று நான் தீர்மானித்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. ஞானஸ்நானத்தன்று பாதிரியார் வாயால் கேட்டுக்கொள்.

நிறையப் படி, எனக்கும் சேர்த்து.

உன் அக்கா,
தெரேசா


சேசு மரி சூசை

லான்மடாவ், ரங்கூன்
11-3-1928

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் கடிதம் வந்தது. நான்கு வரி எழுதியிருந்தார். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது, நீ படுக்கையில் இருக்கிறாய், கவலைப்பட வேண்டாம், செபிக்கவும். அப்பா அதைப் படித்துவிட்டு ஆபீசுக்குப் போனார். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்.

உனக்கு என்ன எழுதுவது என்று எட்டு நாளாகத் தெரியவில்லை. அதனால் ஒரு புத்தகம் அனுப்புகிறேன். யூதப் பெண்கள் வீட்டில் தனியாக இருக்கும்போது படிப்பதற்கென்று ஆங்கிலத்தில் எழுதிய செபங்கள். சமைக்கும்போது ஒன்று, கணவன் கடல் கடந்து போனால் ஒன்று. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பிள்ளையை இழந்த தாயின் செபம். உயிரோடு பிறந்த பிள்ளை என்று அதில் சொல்லவில்லை. நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எளிய ஆங்கிலம்தான், உன் எட்டாம் வகுப்பு போதும்.

ஒரு விஷயத்தை உன்னிடம் மறைக்க வேண்டாம். அங்கத்தினர் தவிர வேறு யாருக்கும் புத்தகம் தரக் கூடாது, எனக்கும்கூட. ஹன்னா என்று ஒரு தையல்காரி. பம்பாய்ப் பக்கத்து யூதப் பெண், புருஷன் இல்லை. சனிக்கிழமை தவறாமல் வந்து கதைப் புத்தகம் படித்து, அறை முழுக்கக் கேட்கும்படி சிரிப்பாள். என்னிடம் வலிய வந்து பேசும் ஒரே ஆள் அவள்தான். "நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பேன். நல்லபடியா முடியாத கதைக்கு என் சாபத்து நாளைக் குடுக்க மாட்டேன்" என்பாள். இப்போது அண்ணன் வீட்டுக்குப் பாசினுக்குப் போயிருக்கிறாள். அவள் வில்லையை எடுத்து இந்தப் புத்தகத்தின் இடத்தில் வைத்து, பேரேட்டில் அவள் ஊருக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமையில் அவள் பெயரை எழுதினேன். இந்தப் புத்தகத்தை இத்தனை மாதத்தில் ஒருவரும் தொட்டதில்லை. கப்பலில் வரும் செல்லையா கையில் கொடுத்தனுப்புகிறேன். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடு.

நன்றாகச் சாப்பிடு அக்கா.

ஜூடித்


சேசு மரி சூசை

நாகப்பட்டினம்
22-4-1928

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். அப்பாவும் நீயும் சுகமா? செல்லையா புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். உன் அத்தான் இல்லாத நேரத்தில் படிக்கிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்.

மருத்துவச்சி அவசர ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரை எடுத்துக்கொண்டுதான் வந்தாள். அதற்குள் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் இல்லாததால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. சுவருக்கு வெளியே, ஒடைமரத்து ஓரம். மணி அடிக்கவில்லை. பெயர் எழுதவில்லை. அவர்தான் கொண்டுபோனார். திரும்பி வந்து கை கழுவிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்கிறார், பேசவில்லை.

புத்தகத்தின் முதல் தாளில் யாரோ மசியால் நாலு வரி எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலம் இல்லை. அது என்ன செபம்?

தெரேசா


சேசு மரி சூசை

லான்மடாவ், ரங்கூன்
10-6-1928

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் உண்டு. உனக்கு வலி ஏதும் இல்லையே?

அந்த நாலு வரி செபம் இல்லை. எபிரேய எழுத்து. பழைய சொந்தக்காரர் தன் பெயரை எழுதியிருக்கிறார் என்று நினைத்து நான் விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

போன வாரம் ரஹ்மா அம்மாள் என்பவர் ரிக்ஷாவில் வந்து இறங்கினார். பாக்தாத் பக்கத்து யூதக் குடும்பம், புருஷன் அரிசி மில்லில் கணக்கராக இருந்து இறந்துபோனவர். அவர் புத்தகங்களை எல்லாம் இந்த அம்மாள்தான் புத்தகசாலைக்குக் கொடுத்திருக்கிறார். இவருக்கு எழுத்து வாசனை இல்லை. இவர்கள் வழக்கம் இது: ஒருவர் இறந்த நாளில் ஆண்டுதோறும் வீட்டில் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும். அந்த நாளை அவர்கள் மாதத்தில்தான் கணக்குப் பார்க்க வேண்டும், நம் மாதத்தில் அது ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கும். அதனால் குடும்பத்தில் இறந்தவர் பெயரையும் நாளையும் வீட்டுச் செபப் புத்தகத்தின் முதல் தாளில் எழுதிவைப்பார்கள். அந்த நாலு வரி அதுதான் அக்கா. மாமனார், மாமியார், கொழுந்தன், கடைசியில் அவருடைய ஒரே மகள். அக்யாபில் பிறந்து எட்டு நாள் இருந்ததாம். அங்கே கல்லறையை ஆறு கொண்டுபோய்விட்டது. முப்பது வருஷமாக மழைக்காலத்தில் யாராவது அந்தத் தாளை வாசித்து நாளைச் சொல்வார்கள், இவர் விளக்கு ஏற்றுவார். ஏலூல் மாதம் என்பது நினைவிருக்கிறது, நாள் நினைவில்லை.

"புருஷன் சொல்லுவார், நான் ஏத்துவேன். மனசுல வெச்சுக்கணும்னு தோணவே இல்லை, அதான் புத்தகம் இருக்கே" என்றார்.

அந்தப் புத்தகத்தைக் கேட்டுத்தான் வந்திருந்தார். அலமாரியில் அதன் இடத்தில் ஹன்னாவின் வில்லை இருந்தது. காரியதரிசி ஹயீம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் எடுக்கவில்லை என்றாள். அவர் என் பேரேட்டைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஏலூல் ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அதற்குள் புத்தகம் வந்துவிட்டால் எங்கேயோ அலமாரிக்குப் பின்னால் கிடந்தது என்று வைத்துவிடுவேன். ஹன்னாவும் தப்பிப்பாள். உடனே அனுப்பு.

ஜூடித்


சேசு மரி சூசை

நாகப்பட்டினம்
1-7-1928

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே சுகம். வெயில் இன்னும் குறையவில்லை. அவருக்குக் கண்கட்டி வந்து ஆறியது. அப்பாவுக்கு ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடு.

புத்தகம் பத்திரமாக இருக்கிறது. ரங்கூனுக்கு வருகிற ஆள் யாரையும் தெரியவில்லை. தபாலில் அனுப்பினால் அவருக்குத் தெரிந்துவிடும். பார்க்கிறேன்.

அந்த அம்மாளின் பிள்ளை எட்டு நாள் இருந்ததே, அதற்குப் பெயர் வைத்தார்களா?

தெரேசா


சேசு மரி சூசை

லான்மடாவ், ரங்கூன்
15-7-1928

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பெயர் வைத்தார்கள், ரீனா என்று. அதுவும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். எதைப் பார்க்கிறாய்? அத்தானுக்குத் தெரியாமல் அனுப்ப முடியாவிட்டால், ஒரு மெல்லிய தாளை மேலே வைத்து அந்த நாலு வரியைப் படம்போல வரைந்து தபாலில் அனுப்பு. அதற்குப் படிப்பு வேண்டாம். உனக்கு அது ஒரு புத்தகம். இங்கே ஒருத்திக்குப் பிள்ளையின் நாள் அதில் இருக்கிறது.

ஹன்னா ஐந்து சனிக்கிழமையாக வரவில்லை. ஹயீம் அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிய அவள் வில்லை ஆணியில் தொங்குகிறது. லத்தா கடைத்தெருவில் நூல் வாங்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்தேன். ஒதுங்கிப் போக இடமில்லை. அவளே பேசினாள்.

"உன் பேரேட்ல என் பேர் இருக்காமே. படிச்சவ எழுதினா சரியாத்தான் இருக்கும். ஒருவேளை தூக்கத்துல வந்து எடுத்துட்டுப் போனேனோ என்னவோ."

"நீங்க வாசிக்க வரலையா" என்று கேட்டேன்.

"வந்தா எல்லாரும் என் பையைப் பாக்கறாங்க. பைக்குள்ள கதை ஒண்ணுமில்லை, ஊசிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வேலை போகும். அப்பா ஆபீசில் என்ன சொல்வார்? புத்தகம் வந்துவிட்டால் அந்த வார்த்தையைச் சொல்லவே வேண்டாம். தயவுசெய்து அனுப்பு.

ஜூடித்


சேசு மரி சூசை

லான்மடாவ், ரங்கூன்
16-8-1928

அக்காவுக்கு,

உன் பதில் இல்லை. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நாளைக்கு ஏலூல் பிறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரஹ்மா அம்மாள் மறுபடி வந்தார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறி வந்தார். ஹயீம் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீதானே எல்லாப் புத்தகத்தையும் திறந்து பாத்து எழுதினே. எழுத்துப் படிக்கத் தெரிஞ்ச பொண்ணு. உனக்குக் கொஞ்சமாவது ஞாபகம் இருக்குமே."

சின்னப் பிள்ளைகளின் அரிச்சுவடியை வைத்து மத்தியான நேரங்களில் நானே எபிரேய எழுத்துக் கற்றுக்கொண்டேன். அவர்களுக்கு எழுத்துகளே எண்கள். கடைசி வரியில் சின்னக் கீற்றுபோல ஒன்று இருந்தது என்று தோன்றியது. சின்னக் கீற்று என்றால் பத்து. இருந்ததா, இருக்க வேண்டும் என்று நினைத்தேனா, சத்தியமாகத் தெரியவில்லை. பத்து என்று சொல்லிவிட்டேன். என் குரல் அறைக்கே கேட்டது.

ரஹ்மா அம்மாள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார். ஹயீம் என்னை மெச்சிக்கொண்டார். அந்தப் பொழுதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் உனக்கு எழுத வேண்டியது.

ஜூடித்


சேசு மரி சூசை

நாகப்பட்டினம்
13-8-1928

தங்கைக்கு,

நான் சுகம். இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டாதே.

புத்தகம் இல்லை. அதை ஏப்ரல் கடைசியில் புதைத்துவிட்டேன். நீதான் எழுதியிருந்தாய், அவர்கள் புத்தகத்தை மனிதரைப் போலப் புதைப்பார்கள், உள்ளே ஆண்டவர் பெயர் இருக்கிறது என்று. என் பிள்ளைக்குப் பாதிரியார் செபம் சொல்லவில்லை. நான் அங்கே போய் நின்று சொன்னால் ஊர் பார்க்கும், அவர் வேலைக்கு ஆகாது. அதனால் விடிவதற்கு முன் போய் ஒடைமரத்தடியில் கையால் தோண்டி, நாற்பத்திரண்டாம் பக்கத்தை விரித்து வைத்து மூடிவிட்டேன். செபம் அங்கேயே இருக்கட்டும், யாரும் சொல்ல வேண்டாம் என்று. பத்திரமாக இருக்கிறது என்று எழுதியது பொய் இல்லை. நான் அப்படித்தான் நினைத்தேன்.

உன் ஜூலைக் கடிதம் வந்த பிறகு போய்த் தோண்டினேன். கறையான் தின்றுவிட்டது. அட்டையும் கொஞ்சம் நூலும்தான் இருந்தது. அந்த இடத்தை இரண்டு தடவை தோண்டிவிட்டேன். ஒரு தாய் செய்கிற காரியமா அது?

ஆனால் புதைப்பதற்கு முன்பே அந்த நாலு வரியை என் செபப் புத்தகத்தின் கடைசித் தாளில் பார்த்து எழுதிவைத்திருந்தேன். செபம் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் ஆனது. சாயங்காலத்தில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், என்ன சொல்கிறது என்று தெரியாமலே. உன் ஜூன் கடிதம் அது பெயர்கள் என்று சொன்ன பிறகு, அடியில் நானும் ஒரு பெயரை எழுதிவிட்டேன். எங்கும் எழுதாத பெயர். அந்தத் தாளைக் கிழித்து இத்துடன் அனுப்புகிறேன். முன்பே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்னிடம் ஒன்றும் மிஞ்சாது என்று வைத்திருந்தேன்.

நீ யாரிடமாவது காட்டும் முன் அடியிலிருப்பதைக் கத்தரித்துவிடு. எனக்குக் கை வரவில்லை.

தெரேசா


சேசு மரி சூசை

லான்மடாவ், ரங்கூன்
9-9-1928

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா சுகம். மழை இன்னும் விடவில்லை.

உன் கடிதம் ஆகஸ்ட் 23-ந் தேதி வந்தது. தாளை மடிப்புப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். 25-ந் தேதி சாபத்து முடிந்து பொழுது சாய்ந்ததும் அவர்களுக்குப் பத்தாம் நாள் தொடங்க, ரஹ்மா அம்மாள் விளக்கு ஏற்றினார். என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தார், போனேன். கண்ணாடித் தம்ளரில் எண்ணெய், மேலே மிதக்கும் திரி. ஏலக்காய் போட்ட தேநீர் கொடுத்தார். "இந்த வருஷம் விட்டுப்போயிருக்கும், நீ குடுத்தே" என்றார். பை என் மடியில்தான் இருந்தது.

மறுநாள் ஹன்னா வீட்டுக்குப் போனேன். அவள் தகப்பன் பம்பாயில் செபம் வாசிப்பவர், அதனால் கையெழுத்தும் அவளுக்குப் படிக்க வரும். தாளைக் கொடுத்தேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பிடித்துப் படித்தாள்.

"ரீனா, யெஹெஸ்கேல் மகள். ஏலூல் நாலு" என்றாள். "கொக்கி மாதிரி ஒடிஞ்சு நிக்குதே, இது நாலு. நீ பத்துன்னு சொன்னியாமே, பத்துன்னா சின்னக் கீத்துதான் இருக்கும்."

நாலாம் நாள் உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டது.

என் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். பேரேட்டில் நான் செய்ததை அவளே புரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நான் இதை எடுத்துட்டுப் போய் ஹயீம்கிட்ட காட்டவா? புத்தகத்தை வித்துத் தின்னுட்டு, மனசு உறுத்தித் தாளைக் கொண்டு வந்திருக்கான்னு சொல்வாங்க. இது உன் கையிலதான் நிஜம். என் கையில திருட்டு."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, மாட்டேன் என்றா, எனக்கே தெரியாது.

அப்போது தாளைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கடைசி வரியில் விரலை வைத்தாள். "இது எங்க எழுத்து இல்லை. உங்க எழுத்தா? யார் பேர் இது?"

நான் கத்தரிக்கவில்லை அக்கா. கத்தரிக்கத்தான் அன்று காலையில் தாளை முதல் தடவையாக விரித்தேன். உன் கையெழுத்தில் என் பெயரைப் பார்த்தேன். ஜனவரியில் நீ சொல்லாமல் வைத்திருந்தது அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

யார் பெயர் என்று ஹன்னா இரண்டாவது தடவையும் கேட்டாள். சொன்னால், உன் பிள்ளை, ஒடைமரம், கறையான், செல்லையா, பேரேடு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

தெரியாது என்று சொன்னேன்.

அவள் சிரித்தாள். கதைப் புத்தகத்தைப் படித்துச் சிரிக்கும் சிரிப்பு இல்லை அது. தாளை மடித்து என் கையில் வைத்துவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

போன வாரம் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அலமாரிகளுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது, சாவி என்னிடம். ஹன்னாவின் வில்லையை ஆணியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். ரஹ்மா அம்மாளின் நாளைப் புதுப் புத்தகம் ஒன்றின் முதல் தாளில் எழுதிவைக்கும்படி ஹயீம் சொன்னார். என் எபிரேய எழுத்து இப்போது நன்றாக இருக்கிறதாம். ஏலூல் பத்து என்று எழுதினேன்.

உன் தாள் என்னிடம்தான் இருக்கிறது. வேண்டும் என்று எழுதினால் அனுப்புகிறேன். உன் சுகத்துக்கு ஒரு வரியாவது எழுது.

உன் தங்கை